அடிக்குறிப்போடு வரும் பழைய தபால்: டார்வின் கடிதத் தளமும் எப்சிலானும்

டார்வின் எழுதிய, டார்வினுக்கு வந்த கடிதங்கள் அனைத்தையும் கட்டணமின்றி வாசிக்கத் தரும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கடிதத் தளத்தையும், அதே பல்கலைக்கழக நூலகம் வேறு அறிவியல் நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தும் 'எப்சிலான்' என்னும் தேடுதளத்தையும் சில காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். செங்கோட்டையில் பிளஸ் டூ மாணவர் சிலரோடு சேர்ந்து வாசிக்கும் வழக்கம் எனக்கு உண்டு. அவர்களுக்கு அறிவியல் வரலாறு சொல்ல ஏதாவது மூல ஆவணம் கிடைக்குமா என்று தேடப் போய் இவற்றில் வந்து நின்றேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் தமக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அறிய விரும்பும் எவருக்கும் டார்வின் தளத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எப்சிலானையும் பரிந்துரைப்பேன், ஆனால் சில எச்சரிக்கைகளோடு. இரண்டிலும் கடித வாசகத்தை மட்டும் படித்துவிட்டு வெளியேறுகிறவர்கள் பாதிப் பயனைத்தான் அடைவார்கள். பதிப்பாசிரியர்கள் அந்தக் கடிதத்தைச் சுற்றிச் சேர்த்து வைத்திருப்பவற்றில்தான் மறுபாதி இருக்கிறது.

டார்வின் கடிதத் திட்டத்தை 1974இல் தொடங்கியவர் பிரெடெரிக் பர்க்கார்ட் என்ற அமெரிக்க அறிஞர். கேம்பிரிட்ஜ் விலங்கியலாளர் சிட்னி ஸ்மித் அவருக்குத் துணை நின்றார். அச்சுத் தொகுதிகளில் முதலாவது 1985இல் வந்தது. முப்பதாவதும் கடைசியுமான தொகுதி 2023இல்தான் வந்தது. பள்ளிப் பருவத்தில் தொடங்கி 1882இல் டார்வின் இறக்கும் வரையிலான ஏறத்தாழ 2,000 பேரோடு அவர் பரிமாறிக்கொண்ட 15,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் இதில் அடக்கம். இவ்வளவு பெரிய தொகுப்பைப் பார்த்து மலைத்துவிட வேண்டாம். நூற்றாண்டின் முற்பகுதியில் அக்கறை உள்ளவர்களுக்கு 1843 வரையிலான காலத்தை அச்சில் முதல் இரண்டு தொகுதிகளே அடக்கிவிடுகின்றன. தளத்தில் தேடும்போது ஆண்டு வரம்பைக் கொடுத்துவிட்டால் கடிதங்களின் எண்ணிக்கை ஒரு கோடை விடுமுறைக்குள் வாசித்து முடிக்கக்கூடிய அளவுக்குக் குறைந்துவிடும்.

ஒரு கடிதத்தைத் திறந்தால் முதலில் அதன் எண்ணும், யார் யாருக்கு எழுதினார் என்பதும், இரண்டு மூன்று வரிச் சுருக்கமும் வருகின்றன. பிறகு முழு வாசகம். எழுத்துப் பிழைகளும் எழுதியவர் விட்டபடியே இருக்கின்றன. அதற்குக் கீழே அடிக்குறிப்புகள். கடைசியில் எங்கிருந்து அனுப்பப்பட்டது, தபால் முத்திரையில் என்ன இருந்தது, மூலம் இப்போது எந்த ஆவணக் காப்பகத்தில் உள்ளது, கையெழுத்துப் படி எத்தனை பக்கம் என்ற விவரங்கள். எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவரிடம் இந்தக் கடைசிப் பகுதியைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்துவிட்டு, "சார், இது நம்ம ரெஜிஸ்டர் மாதிரியில்ல இருக்கு, முத்திரையைக்கூட விடலையே இவங்க" என்றார். தொழில் தெரிந்தவர் வாயிலிருந்து வந்த அந்தப் பாராட்டை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன்.

இந்தத் தளத்தின் அருமை தெரிய 1831 ஆகஸ்ட், செப்டம்பர் மாதக் கடிதங்களை வரிசையாக வாசிக்க வேண்டும். பீகிள் கப்பலில் டார்வின் எப்படிப் போனார் என்ற கதை பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துவிடும். இங்கே அது பலர் எழுதிய ஒரு கடிதச் சங்கிலியாக விரிகிறது. அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியில் டார்வின் எழுதியவராகவும் இல்லை, பெற்றவராகவும் இல்லை. கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஜார்ஜ் பீகாக், தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோவுக்கு எழுதிய கடிதம் அது: கேப்டன் ஃபிட்ஸ்ராய் தென்னமெரிக்காவின் தென்கோடியை அளக்கப் புறப்படுகிறார், உடன் செல்ல ஓர் இயற்கை ஆய்வாளர் தேவை, உங்களுக்குத் தெரிந்தவர் உண்டா என்று கேட்கிறார். இதன் தேதியைப் பதிப்பாசிரியர்கள் '6 அல்லது 13 ஆகஸ்ட் 1831' என்று சதுர அடைப்புக்குள் தருகிறார்கள். இரண்டுமே சனிக்கிழமைகள். ஒன்றைத் தேர்ந்து மற்றதை மறைத்துவிடாமல், தெரிந்ததை எவ்வளவு தெரியுமோ அவ்வளவாகவே சொல்லும் இந்த நாணயம் தளம் முழுவதும் தொடர்கிறது. மாணவர்களுக்கு வரலாற்று முறையைக் கற்பிக்க இந்த ஒரு அடைப்புக்குறி எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆகஸ்ட் 24 அன்று ஹென்ஸ்லோ டார்வினுக்கு எழுதுகிறார். நீ முழுமை பெற்ற இயற்கை ஆய்வாளன் என்று எண்ணி உன்னைச் சொல்லவில்லை. சேகரிக்கவும் கவனிக்கவும் குறித்து வைக்கவும் தகுந்தவன் என்பதால் சொன்னேன் என்பது அதன் சாரம். 22 வயது மாணவனுக்கு ஆசிரியர் ஒருவர் இதைவிட நேர்மையான சான்று வழங்க முடியாது. வடக்கு வேல்ஸில் புவியியல் பேராசிரியர் செட்ஜ்விக்கோடு பாறைகளைப் பார்த்துவிட்டு டார்வின் ஆகஸ்ட் 29 அன்று ஷ்ரூஸ்பரி வீட்டுக்குத் திரும்பும்போது இந்தக் கடிதம் காத்திருக்கிறது. தந்தைக்கு உடன்பாடில்லை. மறுநாளே டார்வின் ஹென்ஸ்லோவுக்கு மறுப்புக் கடிதம் எழுதிவிடுகிறார். அதற்கடுத்த நாள் தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட்டின் மேர் வீட்டிலிருந்து தந்தைக்கு ஒரு கடிதம் போகிறது. உங்களை மறுபடியும் சங்கடப்படுத்தப் போகிறேனோ என்று அஞ்சுகிறேன் என்று தொடங்கி, தந்தை சொன்ன எட்டு ஆட்சேபங்களையும் தானே எண் போட்டு வரிசைப்படுத்துகிறார் மகன். பிற்காலத்தில் பாதிரியாராகப் போகிறவனுக்கு இது இழுக்கு, இது வீண் வெறி, பலர் மறுத்த பிறகே உன்னிடம் வந்திருக்க வேண்டும், அப்படியானால் கப்பலிலோ பயணத்திலோ ஏதோ குறை இருக்கிறது, இனி நீ ஓரிடத்தில் நிலைத்து வாழமாட்டாய், கப்பலில் வசதி இருக்காது, மறுபடியும் தொழிலை மாற்றுகிறாய், இதனால் பயனில்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் இன்றும் கேட்கும் குரல்தான் இது. பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைக்கும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான் வாசிக்கப்படுகிறது.

அதே நாளில் மாமனும் தனியே டார்வினின் தந்தைக்கு எழுதுகிறார், எட்டுக்கும் முறையாகப் பதில் சொல்லி. இயற்கை ஆய்வு பாதிரியாருக்குப் பொருத்தமான காரியமே என்கிறார். தொழிலுக்கு உதவாது என்பதை ஒப்புக்கொண்டு, ஆனால் விரிந்த ஆர்வம் உள்ள ஒருவனுக்கு மனிதர்களையும் உலகத்தையும் பார்க்க இப்படியொரு வாய்ப்பு சிலருக்கே வாய்க்கும் என்கிறார். இந்தக் கடிதமும் டார்வின் எழுதியதல்ல, டார்வினுக்கு வந்ததுமல்ல. 'டார்வின் கடிதங்கள்' என்ற வரையறையை இறுகப் பிடித்துக்கொண்டு பதிப்பாசிரியர்கள் இதை விலக்கியிருந்தால், செப்டம்பர் 1 அன்று தந்தை ஏன் மனம் மாறினார் என்பது நமக்கு வதந்தியாகவே எஞ்சியிருக்கும். எதிர்ப்பும் பதிலும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து வாசிக்கக் கிடைப்பதைத்தான் இந்தச் சேவையின் முதல் சிறப்பாகச் சொல்வேன்.

அடிக்குறிப்புகளின் உதவியோடு இன்னும் மூன்று நாள் தள்ளிப் போனால், செப்டம்பர் 4 அன்று டார்வின் தன் சகோதரி சூசனுக்கு எழுதியது கிடைக்கும். ஜெனின்ஸ் என்ற இயற்கை ஆய்வாளர் துணிமணிகளை மூட்டை கட்டும் வரை போய், தன் பொறுப்பில் உள்ள திருச்சபைகளை விட்டுப் போக மனமில்லாமல் நின்றுவிட்டார். ஹென்ஸ்லோவே ஏறக்குறையப் புறப்பட்டிருப்பார், மனைவி கேட்காமலே சம்மதம் கொடுத்தார், ஆனால் அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஹென்ஸ்லோ அக்கணமே முடிவை மாற்றிக்கொண்டார். தந்தையின் மூன்றாவது ஆட்சேபம் சரியாகத்தான் இருந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது. பலருக்கு அழைப்பு போய்த் திரும்பித்தான் இருக்கிறது. எந்த வரலாற்று நூலும் இந்த வேடிக்கையைச் சொல்லிவிடலாம். ஆனால் அதை நாமே இரண்டு கடிதங்களை அடுத்தடுத்து வைத்துக் கண்டுபிடிக்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சி வேறு, அதற்கு இடம் கொடுக்கும்படி தளம் கட்டப்பட்டிருக்கிறது.

தபால் முறையைப் பற்றிச் சிறிது தெரிந்திருந்தால் இந்தக் கடிதங்களின் உருவம் புரியும். 1840 வரை பிரிட்டனில் கடிதக் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. பெரும்பாலும் பெறுகிறவரே அதைக் கட்டினார். இரண்டு தாள் என்றால் இரட்டைக் கட்டணம். உறையும் ஒரு தாளாகவே எண்ணப்பட்டதால் யாரும் உறை போடவில்லை. எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து, வெளிமுகத்தில் முகவரி எழுதினார்கள். இடம் போதாதபோது எழுதிய பக்கத்தின் மேலேயே குறுக்காக எழுதுவதும் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கட்டணமின்றி அனுப்பும் சலுகை இருந்ததால், நண்பர்கள் அவர்களிடம் கையெழுத்து வாங்கித் தம் கடிதங்களை இலவசமாக அனுப்பிக்கொண்டார்கள். ரோலண்ட் ஹில்லின் யோசனைப்படி 1840 ஜனவரி 10 முதல் அரை அவுன்ஸ் வரை எங்கு அனுப்பினாலும் ஒரு பென்னி என்றானது. மே மாதம் முதல் தபால் தலை வந்தது. இந்தப் பின்னணியில் பார்த்தால், வீட்டுச் செய்தி, வண்டு, பாறை, அரசியல் எல்லாம் ஒரே தாளில் நெருக்கியடித்து ஏன் வருகின்றன என்பது விளங்கும். 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரோடு இருந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் கூடுதல் சுவை உண்டு. 1888இல் சங்கு முத்திரையோடு தன் சொந்தத் தபால் தலையை வெளியிட்ட திருவிதாங்கூர் அஞ்சல் துறை இந்தியத் தபாலோடு இணைந்தது 1951இல்தான், அந்தச் சங்கு உறைகளைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் இங்கே இன்னும் இருக்கின்றன.

பயணக் காலத்துக் கடிதங்களில் எனக்குப் பிடித்தது 1833 ஜனவரி 15 அன்று ஹென்ஸ்லோ எழுதத் தொடங்கியது. டார்வின் அனுப்பிய மாதிரிகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, எவற்றை எப்படிக் கட்டி அனுப்ப வேண்டும் என்று பொறுமையாக அறிவுரை சொல்கிறார். இடையில், 233ஆம் எண்ணிட்டது என்னவென்று கடவுள் பெயரால் சொல், மின்சார வெடிப்பில் மிஞ்சிய கரிக்குவியல் போலிருக்கிறது, ஏதோ மிக விசித்திரமான பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்று கிண்டலாகக் கேட்கிறார். இந்தக் கடிதம் டார்வின் கைக்கு எப்போது போய்ச் சேர்ந்தது? அதற்கு 1834 ஜூலையில் வால்பரைசோவிலிருந்து டார்வின் எழுதிய பதிலைத் திறக்க வேண்டும். இரண்டு கடிதங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று 1833 டிசம்பரில் எழுதியது, மற்றது அதே ஆண்டு ஜனவரியில் எழுதியது என்று ஆச்சரியக் குறி போட்டுச் சொல்கிறார். ஒன்றரை ஆண்டு! அந்த ஆண்டு மார்ச் வரை உங்களிடமிருந்து ஒரு வரியும் வராததால், என் சேகரிப்பு அவ்வளவு மட்டமானது, என்ன சொல்வதென்று தெரியாமல் திகைக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன் என்றும் எழுதுகிறார். அறிவியல் வரலாற்றில் மௌனத்துக்கு எத்தனை பொருள் உண்டு, அதில் எத்தனை வெறும் கப்பல் தாமதம் என்பதைத் தளத்தின் தேதிகளே காட்டுகின்றன. தேதி வரிசையை விட்டுவிட்டு, புகழ்பெற்ற வாசகங்களை மட்டும் தேடிப் போகிறவர்களுக்கு இது கிடைக்காது.

'தனிப்பட்ட கடிதம்' என்பதற்கு அந்தக் காலத்து அறிவியலாளர் வட்டத்தில் இருந்த பொருள் நாம் நினைப்பது போன்றதல்ல என்பதும் இங்கேதான் தெரியவந்தது. 1835 நவம்பர் 16 அன்று, டார்வின் இன்னும் கடலில் இருக்கும்போதே, அவர் தனக்கு எழுதியவற்றிலிருந்து பகுதிகளை ஹென்ஸ்லோ கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தில் வாசித்தார். பிறகு உறுப்பினர்களுக்குள் மட்டும் வழங்கச் சிறு நூலாகவும் அச்சிட்டார். எழுதியவரிடம் கேட்கவில்லை, கேட்க வழியும் இல்லை. எட்டு ஆட்சேபம் சொன்ன தந்தை அந்த நூலை எழுந்திராமல் கடைசி வரை வாசித்து மகிழ்ந்தார் என்று சகோதரி கரோலின் எழுதுகிறார். டார்வினோ செய்தி தெரிந்ததும் திடுக்கிட்டுப் போகிறார். உங்களுக்கு எழுதுவது போலத்தான் ஹென்ஸ்லோவுக்கும் கவலையில்லாமல் எழுதினேன், அதை அச்சில் போடுவது கத்தியோடு விளையாடுவது, ஆனாலும் இனி என்ன செய்வது என்று 1836 ஜூனில் நன்னம்பிக்கை முனையிலிருந்து சகோதரி கேத்தரினுக்கு எழுதுகிறார்.

அதே மாதம் அதே ஊரில் டார்வின் விருந்துண்ட வீடு ஜான் ஹெர்ஷலுடையது. தென் வானத்தை அளக்க 1834 தொடக்கத்தில் அங்கே வந்திறங்கிய வானியலாளர் அவர். அவருடைய கடிதம் ஒன்றுக்கும் ஏறக்குறைய இதே கதி நேர்ந்தது. 1836 பிப்ரவரியில் புவியியலாளர் லயலுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தில், அழிந்த உயிரினங்களின் இடத்தில் புதியவை எப்படி வருகின்றன என்பதை மர்மங்களின் மர்மம் என்று குறிப்பிட்டிருந்தார். அது லண்டனில் கை மாறி, 1837இல் கணித அறிஞர் பாபேஜ் தம் நூலின் பின்னிணைப்பில் அதன் பகுதிகளை வெளியிட்டுவிட்டார். ஆக, ஒருவருக்கு எழுதியது நால்வர் வாசிப்பதற்கென்றே எழுதப்பட்டதாக எடுத்துக்கொள்ளப்பட்ட காலம் அது. இன்று வாட்ஸ்அப்பில் முன்னனுப்பி வைக்கிறவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

ஒரு கடிதம் யார் யார் கைக்குப் போனது என்ற கேள்விக்கு டார்வின் தளம் தரும் உதவி மிகப் பெரியது. ஒரு கடிதத்தில் மூன்றாவது ஒருவர் பெயர் வந்தால் அடிக்குறிப்பு அவரைச் சொல்லி, அவர் எழுதிய வேறு கடிதத்துக்கு வழி காட்டுகிறது. பெயரைத் தொட்டால் பிறப்பு, இறப்பு, தொழில் அடங்கிய சிறு வாழ்க்கைக் குறிப்பு வருகிறது. அறிஞர்களுக்கு மட்டுமின்றித் தோட்டக்காரர்கள், பாதிரியார்கள், வீட்டுப் பெண்கள் ஆகியோருக்கும் அந்தக் குறிப்பு உண்டு. யார் கையில் எந்தத் தாள் போனது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரிந்து வேறில்லை.

எப்சிலானுக்கு வருகிறேன். ஒரே தேடலில் டார்வின், பாரடே, ஹெர்ஷல், ஹென்ஸ்லோ, பிரெஞ்சு இயற்பியலாளர் ஆம்பியர் எனப் பலருடைய கடிதப் பதிவுகளைக் காட்டும் என்பதே அதன் பயன். டார்வினோடு நின்றுவிடாமல், அவருக்கு முந்திய தலைமுறைக்குப் போக விரும்புகிறவர்கள் இங்கேதான் வர வேண்டும். நான் மாணவர்களுக்குப் பாரடேயிலிருந்து தொடங்கிக் காட்டினேன். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர் 1812இல் பெஞ்சமின் அபட் என்ற நண்பருக்கு எழுதத் தொடங்கிய கடிதங்களில், தான் கற்றதையும் செய்து பார்த்த சோதனைகளையும் நண்பனிடம் விளக்கி, எழுத்துத் திறமையையும் சேர்த்தே வளர்த்துக்கொள்கிறார். அந்த ஆண்டு இறுதியில் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைத் தான் எடுத்த குறிப்புகளைக் கட்டி டேவிக்கே அனுப்புகிறார்; டிசம்பர் 24 தேதியிட்ட பதிலில் டேவி, உங்கள் நம்பிக்கைக்கு இது நல்ல சான்று, நான் ஊரில் இருக்கமாட்டேன், ஜனவரி இறுதியில் வந்து பாருங்கள் என்ற தொனியில் எழுதுகிறார். 1813 மார்ச் 1 அன்று பாரடேக்கு லண்டனின் அறிவியல் நிறுவனமான ராயல் இன்ஸ்டிட்யூஷனில் வேலை கிடைத்துவிடுகிறது. இவ்வளவு வரை இனிப்பாகத்தான் இருக்கும். 1815 தொடக்கத்தில் ரோமிலிருந்து அபட்டுக்கு எழுதியதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். டேவி தம்பதியரோடு ஐரோப்பியச் சுற்றுப்பயணம் போன பாரடே, உடன் வரவிருந்த பணியாள் கடைசி நேரத்தில் வராமல் போனதால் அந்த வேலையும் தன் தலையில் விழுந்ததையும், டேவியின் மனைவி தன்னை நடத்திய விதத்தையும் மனம் நொந்து சொல்கிறார். வேலை கொடுத்தவர் மீதான மதிப்பும் வேலையிடத்து அவமானமும் ஒரே மனிதரின் பேனாவிலிருந்து வந்தவை. 1834இல் மின்னாற்பகுப்பு பற்றிப் பாரடேயும் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹியூவெல்லும் பரிமாறிக்கொண்ட கடிதங்களும் பதிவில் உள்ளன; வேதியியல் மாணவர்கள் அவற்றைத் தவறவிடக் கூடாது.

எச்சரிக்கைகள் என்றேன். முதலாவது, எப்சிலானில் எல்லாப் பதிவுகளிலும் முழு வாசகம் இல்லை. ஹெர்ஷல் விஷயத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று வரிச் சுருக்கம்தான் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உதவும், என்ன சொல்லப்பட்டது என்பதன் சுவையைத் தராது. ஒவ்வொரு திட்டமும் தனித்தனியாக வளர்ந்து பிறகு இங்கே சேர்ந்ததால் அடிக்குறிப்புகளின் தரமும் ஒரே சீராக இல்லை. டார்வின் பதிவிலிருந்து ஹெர்ஷல் பதிவுக்குத் தாவும்போது நல்ல சாலையிலிருந்து சரளைக்கு இறங்கிய உணர்வு வருவது உண்மை.

இரண்டாவது, மொழி. கடிதம் எழுதியவர்கள் 'would', 'should' என்று எழுத வேண்டிய இடங்களில் 'wd', 'shd' என்று சுருக்கியிருப்பார்கள். பதிப்பாசிரியர்கள் அதை விரித்து எழுதவில்லை, விரிக்கவும் கூடாது.

மூன்றாவது, கைபேசியின் மொழிபெயர்ப்பு வசதியை நம்ப வேண்டாம். சுருக்கச் சொற்களில் அது தடுமாறி, மரியாதை வாக்கியங்களைக் கட்டளை வாக்கியங்களாக்கிவிடும். ஆங்கிலத்தில் ஓரளவு பயிற்சி உள்ள ஒருவர் உடனிருந்து வாய்விட்டுப் படித்துப் பொருள் சொன்னால் மாணவர்கள் நன்றாகவே பின்தொடர்கிறார்கள். எங்கள் பக்கம் சாரல் காலத்தில் சிக்னல் மலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஆனாலும் கடிதப் பக்கங்கள் பெரும்பாலும் எழுத்துகளே என்பதால், சிக்னல் வந்த நேரத்தில் திறந்து வைத்துக்கொண்டால் போதுமானது.

தென்னிந்தியத் தொடர்பைத் தேடி இத்தளங்களுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குற்றாலத்தில் தாவரங்கள் சேகரித்த ராபர்ட் வைட், சென்னையில் கம்பெனி மருத்துவராக இருந்தவர்; கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்த வில்லியம் ஹூக்கருக்கு அவர் எழுதிய கடிதங்களும், ரங்கையா என்ற ஓவியர் வரைந்த தாவரப் படங்களும் கடல் கடந்து போயின. பிற்பாடு கோவிந்து என்ற ஓவியரும் வைட்டுக்காக வரைந்தார். ஆனால் வைட்டை டார்வின் தளத்தில் எதிர்பார்த்துப் போகக் கூடாது. ஹூக்கர் 1841இல் க்யூ தாவரத் தோட்டத்தின் இயக்குநரானார். அவருடைய கடிதக் கட்டுகள் இருப்பது அந்தத் தோட்டத்தின் காப்பகத்தில்தான். நாங்கள் தினமும் பார்க்கும் மலையிலிருந்து போன இலைகளின் கதையை வாசிக்க அங்கே தனியே போக வேண்டியிருக்கிறது.

திருவனந்தபுரம் வானாய்வகம் இன்னொன்று. சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் நிறுவிய அதற்கு, ஆலப்புழையில் வணிக முகவராக இருந்த ஜான் கால்டெகாட் வானியலாளரானார். அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரலில் ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட், ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்த சஸ்ஸெக்ஸ் பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதி, பிரிட்டிஷ் ஆதிக்கப் பகுதிகளெங்கும் பூமியின் காந்தத்தை அளக்கும் நிலையங்கள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஹெர்ஷலும் காந்த ஆய்வாளர் சபைனும் அதைத் தொடர்ந்து முன்னெடுத்தார்கள். 1839இல் கடற்படை அதிகாரி ராஸ் தலைமையில் கப்பல்கள் அண்டார்க்டிகாவுக்குப் புறப்பட்டன. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருந்த திருவனந்தபுரமும் அளவீடுகளில் சேர்ந்துகொண்டது. கால்டெகாட் 1849இல் மறைந்த பிறகு பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன், 1855இல் அகத்திய மலை உச்சியிலேயே ஓர் ஆய்வகம் அமைத்தார். இந்தக் காந்த முயற்சியின் பிரிட்டிஷ் பக்கத்து உரையாடலுக்கு எப்சிலானில் ஹெர்ஷல் பெயரையும் 1836 முதல் 1845 வரையிலான ஆண்டுகளையும் கொடுத்துத் தேடத் தொடங்கலாம். வருவது சுருக்கங்களே என்பதால், எந்தக் கடிதம் எந்தக் காப்பகத்தில் உள்ளது என்ற வரியைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.